பக்கத்துக் கணினிக்கு ஃபைல் போக ஏன் இவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நெட்வொர்க் ஸ்லோ" என்ற இரண்டு சொற்களோடுதான் எல்லாப் புகாரும் வரும். போய்ப் பார்த்தால் பாதி நேரம் நெட்வொர்க் ஒழுங்காகத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் திணறும், ஆன்ட்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலாகத் தடவிக்கொண்டிருக்கும், அல்லது கேபிளில் ஒரே ஒரு கம்பி அறுந்திருக்கும். எய்தவன் இருக்க அம்பை நோகிற கதை. இந்தப் பக்கம் இணையத் திட்டத்தின் வேகத்தைப் பற்றியது அல்ல. ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு டேட்டா போகும் வேகத்தைப் பற்றியது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, பெரும்பாலும் கேட்கப்பட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

இணையம் நன்றாக ஓடுகிறது. பக்கத்து மேசைக் கணினிக்கு அனுப்பினால் மட்டும் ஏன் இழுக்கிறது?

இரண்டும் வேறு வேறு பாதைகள். வீடியோ பார்க்கும்போது உங்கள் கணினி ரூட்டரோடு பேசுகிறது, அதற்கு நொடிக்குச் சில மெகாபிட் போதும். ஃபைல் காப்பி செய்யும்போது, அந்தப் பக்க டிஸ்க்கிலிருந்து படித்து, நெட்வொர்க் கார்டு வழியாக அனுப்பி, கேபிள், ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி), மறுபடி கேபிள் என்று கடந்து, இந்தப் பக்க டிஸ்க்கில் எழுத வேண்டும். இந்த வரிசையில் எது மிகவும் மெதுவானதோ அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். வீடியோவுக்குப் போதுமானதாக இருந்த ஒரு மோசமான கேபிள், 50 ஜிபி காப்பியில்தான் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு வேகம் வந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது?

முதலில் பிட், பைட் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். காப்பி செய்யும்போது திரையில் தெரிவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 1000 மெகாபிட், அதாவது 1 கிகாபிட் இணைப்பில் கணக்குப்படி நொடிக்கு 125 மெகாபைட் வர வேண்டும்.

அந்த 125 வராது. ஈதர்நெட்டில், அதாவது கேபிள் வழி நெட்வொர்க்கில், டேட்டா சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டும் முகவரி, சரிபார்ப்பு எண், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் விடும் இடைவெளி எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் இடம் பிடிக்கும். அதில் உங்கள் ஃபைலுக்கு உரியது 1460 பைட் அல்லது அதற்கும் கொஞ்சம் குறைவு. எனவே உச்சமே சுமார் 118 மெகாபைட்தான். நடைமுறையில் 105 முதல் 115 வரை வந்தால் அந்த கிகாபிட் இணைப்பில் குறை ஒன்றும் இல்லை. 100 மெகாபிட் இணைப்பில் 11 சொச்சம். 2.5 கிகாபிட்டில் 280 பக்கம் வரலாம், அதற்கு டிஸ்க்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இதில் 11 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

காப்பி 11-ல் ஏறுகிறது, அங்கேயே அசையாமல் நிற்கிறது. ஏன்?

எனக்குப் பிடித்த புகார் இது, ஏனென்றால் பதில் கிட்டத்தட்ட கையிலேயே இருக்கிறது. ஏறி இறங்காமல் 11.2, 11.3 என்று கோடு போட்டதுபோல் நின்றால், நடுவில் எங்கோ ஓர் இணைப்பு கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள். நெட்வொர்க் கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் ஆரஞ்சும் பச்சையும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி போய்விட்டால் இணைப்பு அறுந்துபோகாது. இரு முனைக் கருவிகளும் பேசிப் பார்த்து, சத்தமில்லாமல் 100-க்கு ஒத்துக்கொண்டு ஓடும். பிழைச்செய்தி வராது, எச்சரிக்கை வராது, லைட் வழக்கம்போல மினுக்கும். இதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஓர் அலுவலகத்தில் ஒரே ஒருவருடைய கணினியில் மட்டும் இந்தத் தொல்லை. கார்டை மாற்றியிருந்தார்கள், விண்டோஸையே புதிதாகப் போட்டிருந்தார்கள். நான் மேசைக்குக் கீழே தலையை விட்டபோது சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் கேபிள் மேல் நின்றுகொண்டிருந்தது. கேபிளின் தோல் அங்கே தட்டையாகி, வெள்ளையாகப் பளபளத்தது. பேட்ச் கேபிளை மாற்றினேன். ஸ்விட்ச்சில் ஆரஞ்சாக எரிந்த லைட் பச்சைக்கு வந்தது, காப்பி 112-க்குப் போனது. அந்தப் பழைய கேபிளைத் திறந்து பார்த்தேன். பழுப்புக் கம்பி ஒன்று உள்ளே இரண்டு துண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் இரு கணினிகளிலும் லிங்க் வேகத்தை, அதாவது கேபிளின் இரு முனைக் கருவிகளும் ஒத்துக்கொண்ட வேகத்தை, பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். மேக்கில் நெட்வொர்க் அமைப்பின் ஹார்ட்வேர் பகுதியில் பார்க்கலாம். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை சொல்லிவிடும். ஸ்விட்ச்சில் லைட் நிறத்துக்கு என்ன பொருள் என்பதை அதன் உடம்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், நிறம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 100 என்று காட்டும் முனையில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லையா, ஸ்விட்ச்சில் போர்ட்டை மாற்றுங்கள். சுவருக்குள் போகும் கேபிள் என்றால் இரு முனையிலும் கிரிம்ப் செய்த (கருவியால் அழுத்திப் பொருத்திய) கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். நடுவில் கேபிள் கெடுவது அபூர்வம், முனையில்தான் கெடும். (நாற்காலிச் சக்கரம் விதிவிலக்கு.)

இரண்டு கணினியிலும் 1000 என்று காட்டியும் காப்பி 11-ல் நின்றால், நடுவில் ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒளிந்திருக்கிறது. ஐபி போன் வழியாகக் கணினிக்கு இணைப்பு போகும் இடங்களில் அந்த போனுக்குள் இருக்கும் குட்டி ஸ்விட்ச்சையும் பாருங்கள். போனே 100 என்றால் அதன் பின்னால் மாட்டிய கணினிக்கும் 100-தான் கிடைக்கும்.

எண் 11 இல்லை. 30, 45 என்று ஏதோ வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

டிஸ்க்கை ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். அதற்கு ஐபெர்ஃப்3 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு கணினியில் சர்வராக ஓட விடுவீர்கள், இன்னொன்றிலிருந்து அதன் ஐபி முகவரியைக் கொடுத்து அழைப்பீர்கள். அது நினைவகத்திலேயே டேட்டாவை உருவாக்கி அனுப்பும், மறுமுனை வாங்கித் தூக்கிப் போட்டுவிடும். டிஸ்க் இல்லை, ஃபைல் இல்லை, ஆன்ட்டிவைரஸ் பார்க்க எதுவும் இல்லை. பத்து நொடியில் ஒரு விடை வரும். இணைக்க மறுத்தால் ஃபயர்வாலில் 5201 என்ற போர்ட் (இது மென்பொருள் வழியின் எண், கேபிள் செருகும் ஓட்டை அல்ல) மூடியிருக்கும்.

கிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட் பக்கம் காட்டினால் கேபிள், ஸ்விட்ச், கார்டு எல்லாவற்றையும் விடுதலை செய்துவிடலாம். இனிக் கேள்வி டிஸ்க்கைப் பற்றியும் ஃபைல் பகிரும் முறையைப் பற்றியும் மட்டும்தான். 300 என்று காட்டினால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம், கம்பிப் பக்கம் போங்கள். தேடும் இடம் ஒரே சோதனையில் பாதியாகக் குறைகிறது. இதைச் செய்யாமல் யாராவது "புது ஸ்விட்ச் வாங்குங்கள்" என்று சொன்னால், காசு உங்களுடையது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டு விஷயம் கவனிக்க. ஒன்று, எதிர்த் திசையிலும் ஓட்டுங்கள், அதற்கு ரிவர்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது. போகும்போது 940, வரும்போது 200 என்று வந்தால் அது பெரிய துப்பு: பெரும்பாலும் ஒரு முனையின் டிரைவர், போர்ட் அல்லது கேபிள். இரண்டு, யுடிபி முறையில், அதாவது பதிலுக்குக் காத்திராமல் அனுப்பும் முறையில், ஓட்டிப் பார்த்து "வெறும் 1 மெகாபிட்தான் வருகிறது" என்று பதறாதீர்கள். யுடிபியில் நீங்கள் வேகம் சொல்லாவிட்டால் அது நொடிக்கு 1 மெகாபிட்தான் அனுப்பும். அதன் இயல்பே அப்படி. இதைப் பார்த்துவிட்டு ஒருவர் இரவு பதினோரு மணிக்கு என்னை எழுப்பியிருக்கிறார்.

ஐபெர்ஃப் 300-தான் காட்டுகிறது. லிங்க் வேகம் 1000 என்கிறது. இப்போது?

யுஎஸ்பியில் மாட்டும் நெட்வொர்க் அடாப்டரா? அது யுஎஸ்பி 2 போர்ட்டில் இருந்தால் அந்த போர்ட்டின் மொத்தக் கொள்ளளவே 480 மெகாபிட். நடைமுறையில் 300 சொச்சம்தான் தேறும். அடாப்டர் கிகாபிட் என்று சொல்வது பொய் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம் குறுகியது. ராஸ்பெரி பை 3 பி பிளஸ் போர்டில் இதே கதைதான்: பெயர் கிகாபிட், உள்ளே யுஎஸ்பி 2 வழியாகப் போவதால் உச்சம் 300 மெகாபிட்.

இல்லையென்றால் செயலியைப் பாருங்கள். சோதனை ஓடும்போது ஒரு கோர் மட்டும் 100 சதவீதம் தொட்டால், கணினியே மூச்சுவாங்குகிறது. பழைய நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டிகள்) இது சகஜம். அதுவும் இல்லையென்றால் கார்டின் பிழைக் கணக்கைப் பாருங்கள். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) என்ற எண் ஓட ஓட ஏறினால் கேபிள் அல்லது கனெக்டர், வேறொன்றும் இல்லை. கம்பி இணைப்பில் அந்த எண் பூஜ்ஜியத்திலேயே இருக்க வேண்டும். நூற்றில் ஒரு பாக்கெட் தொலைந்தாலே டிசிபி, அதாவது டேட்டா போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துப் பார்த்து அனுப்பும் முறை, பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஐபெர்ஃப் 940 காட்டுகிறது. ஆனால் ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்தால் நொடிக்கு 2 மெகாபைட்கூட வரவில்லையே?

ஃபோல்டருக்குள் எத்தனை ஃபைல் இருக்கிறது என்று பாருங்கள். ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களா? அப்படியானால் உங்கள் நெட்வொர்க்கில் பிழை இல்லை.

ஒரு ஃபைலை அனுப்ப, அதன் உள்ளடக்கத்தை மட்டும் அனுப்பினால் போதாது. "இந்தப் பெயரில் ஒன்று திற", "சரி". "எழுது", "சரி". "தேதியைக் குறித்துக்கொள்", "சரி". "மூடு", "சரி". ஒவ்வொரு 'சரி'க்கும் மறுமுனையிலிருந்து பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 ஃபைல், ஒவ்வொன்றுக்கும் 5 முறை போய்வருவது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒரு லட்சம் முறை. கம்பி இணைப்பில் ஒருமுறை போய்வர 0.5 மில்லிசெகண்ட் ஆனால் 50 நொடி. வைஃபையில் 3 மில்லிசெகண்ட் ஆனால் 5 நிமிடம். தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு 40 மில்லிசெகண்ட் ஆனால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். இதில் ஃபைலுக்குள் இருக்கும் டேட்டா ஒரு துளிகூடச் சேரவில்லை, வெறும் 'சரி' சொன்ன நேரம்தான். கூடுதல் வேகமுள்ள ஸ்விட்ச் வாங்கினால் இந்த நேரம் குறையாது.

இதற்கு மேல் சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் ஊசி இடம் மாற வேண்டும், அதற்கு ஒவ்வொரு தடவையும் 10 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். ஆன்ட்டிவைரஸ் வேறு ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடும்.

தீர்வு எளிது: எல்லாவற்றையும் ஜிப்பாகவோ டாராகவோ ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு அங்கே அவிழ்த்துக்கொள்ளுங்கள். சுருக்கக்கூட வேண்டாம், கட்டினாலே போதும். அடிக்கடி செய்ய வேண்டிய வேலை என்றால் விண்டோஸில் ரோபோகாப்பி இருக்கிறது. அதன் மல்டி த்ரெட் தேர்வைக் கொடுத்தால் ஒரே நேரத்தில் 8 ஃபைல் போகும், வேண்டுமானால் 128 வரை ஏற்றலாம். ஒன்று பதிலுக்குக் காத்திருக்கும்போது இன்னொன்று ஓடிக்கொண்டிருக்கும். தினமும் மாறியதை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் ஆர்சிங்க் என்ற மென்பொருள்.

பெரிய ஃபைல்தான். முதல் சில நொடி பறக்கிறது, அப்புறம் தொப்பென்று விழுகிறது.

நீங்கள் முதலில் பார்த்த வேகம் உண்மையான வேகம் அல்ல. ஃபைல் நினைவகத்தில் போய் உட்கார்ந்ததை "காப்பியாகிவிட்டது" என்று கணினி கணக்கு காட்டியது. நினைவகம் நிரம்பியதும் டிஸ்க்கின் சொந்த வேகம் வெளியே வந்தது. விலை குறைந்த எஸ்எஸ்டிகளும் இப்படித்தான். கொஞ்சம் இடத்தை வேகமான தற்காலிகப் பகுதியாக வைத்திருக்கும், அது நிரம்பினால் சில மாடல்கள் ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போகும். எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்குகள் நீண்ட நேரம் எழுதினால் இன்னும் மோசம், சில நேரம் அப்படியே நின்றுவிட்டுத் தொடரும். நாஸ் பெட்டிக்கு டிஸ்க் வாங்கும்போது இந்தச் சொல் விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சோதிக்க ஒரு வழி: அதே ஃபைலை அந்தக் கணினிக்குள்ளேயே வேறொரு டிரைவிலிருந்து காப்பி செய்து பாருங்கள். அங்கேயும் விழுந்தால் நெட்வொர்க்குக்கு இதில் பங்கில்லை.

வைஃபையில் 866 மெகாபிட் என்று காட்டுகிறது. காப்பியில் 30 மெகாபைட்தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த எண்ணை அவ்வளவு பெரிதாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. அது காற்றில் பிட்கள் போகும் வேகம். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் மற்றவர்கள் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தொகுப்புக்கும் "வந்தது" என்ற பதில் வேண்டும். இதெல்லாம் போக, ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் கையில் தேறுவது பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு.

இதற்கு மேல்தான் பலர் கவனிக்காத விஷயம் வருகிறது. அனுப்பும் கணினியும் வாங்கும் கணினியும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது: முதலில் இங்கிருந்து ரூட்டருக்கு, பிறகு ரூட்டரிலிருந்து அங்கே. ஆக, கிடைத்த பாதியும் பாதியாகிறது. இரண்டில் ஏதாவது ஒன்றைக் கேபிளில் மாட்டுங்கள், வேகம் ஏறக்குறைய இருமடங்காவதைப் பார்ப்பீர்கள். வைஃபையில் நான் தரக்கூடிய மிகச் சிறந்த ஆலோசனை கேபிள் போடுங்கள் என்பதுதான்.

முடியாது என்றால், 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்குப் போங்கள். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. சுற்றியுள்ள எல்லா ரூட்டர்களும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. இன்னொரு வேடிக்கை: யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் லேப்டாப்பின் வைஃபை சோர்ந்துபோனால் பேய் பிசாசு இல்லை, டிஸ்க்கை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள்.

பிங் அழகாக வருகிறதே, அப்புறம் எப்படி நெட்வொர்க் கோளாறாக இருக்க முடியும்?

பிங் என்பது மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை. அது அனுப்புவது ஒரு நொடிக்கு ஒரு பொடிப் பாக்கெட். விண்டோஸில் 32 பைட். காலியான சாலையில் ஒரு சைக்கிள் போய் வந்ததை வைத்து லாரிகள் போக முடியுமா என்று சொல்ல முடியாது. பிங் நன்றாக இருந்தும் காப்பி தவழ்கிற இரண்டு நோய்கள் எனக்குத் தெரியும்.

முதலாவது டூப்ளெக்ஸ் பொருந்தாமை. ஒரு முனையில் யாரோ வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் பூட்டி வைத்திருப்பார்கள், மறுமுனை ஆட்டோவில் இருக்கும். பூட்டப்பட்ட முனை பேச்சுவார்த்தைக்கு வராது. ஆட்டோ முனை வேகத்தை மட்டும் கண்டுபிடித்து, விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். ஒருவர் கேட்டுக்கொண்டே பேசலாம் என்று நினைக்கிறார், இன்னொருவர் ஒருவர் பின் ஒருவராகத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறார். பொடிப் பாக்கெட்டுகள் மோதாமல் போய்விடும். சுமை ஏறினால் மோதல் மேல் மோதல். மருந்து: இரு முனையையும் ஆட்டோவில் விடுங்கள். வேகத்தைப் பூட்டி வைப்பது ஒரு காலத்தில் நல்ல பழக்கமாக இருந்தது, இன்று அது வெறும் தொல்லை.

இரண்டாவது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வழக்கமான ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். நடுவில் விபிஎன்னோ (இணையத்துக்குள் போடும் மறைவான சுரங்க வழி) பிபிபிஓஇ இணைப்போ (சில இணைய நிறுவனங்களின் லாகின் முறை) இருந்தால் கொஞ்சம் குறையும், பிபிபிஓஇயில் 1492. பெரிய பாக்கெட் வந்தால் "சிறிதாக்கி அனுப்பு" என்று வழியிலுள்ள ரூட்டர் பதில் சொல்ல வேண்டும். ஏதோ ஒரு ஃபயர்வால் அந்தப் பதிலைத் தடுத்துவிட்டால், சிறியது எல்லாம் போகும், பெரியது எல்லாம் கிணற்றில் போட்ட கல். லாகின் ஆகும், ஃபைல் பட்டியல் பாதி வந்து நிற்கும். துண்டாக்காதே என்ற தேர்வோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்தால் அது சரியாக 1500. போகவில்லையென்றால் போகும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள், உங்கள் பாதையின் அளவு கிடைத்துவிடும்.

ஃபோல்டர் திறக்கவே நேரம் எடுக்கிறது. திறந்த பிறகு காப்பி வேகமாகப் போகிறது.

இது வேகக் கோளாறு அல்ல, பெயர் தேடும் கோளாறு. கணினியின் பெயரைக் கொடுக்கிறீர்கள், அதற்கு ஐபி முகவரி என்ன என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது. முதல் டிஎன்எஸ் சர்வர் செத்துக்கிடக்கிறது, காத்திருந்து சலித்து அடுத்ததைக் கேட்கிறது. லினக்ஸில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 5 நொடி. தாமதம் எப்போதும் 5 அல்லது 10 நொடி என்று உருண்டையாக இருந்தால் எனக்கு உடனே டிஎன்எஸ்தான் நினைவுக்கு வரும். சரிபார்க்க, பெயருக்குப் பதில் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறங்கள். உடனே திறந்தால் முடிந்தது கதை.

லேப்டாப்பில் கேபிளும் மாட்டியிருக்கிறது, வைஃபையும் ஓடுகிறது. பிரச்சினை வருமா?

வழக்கமாகக் கணினி கேபிளைத்தான் தேர்ந்தெடுக்கும், ஆனால் எப்போதும் அல்ல. காப்பி ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் எந்த இணைப்பின் கோடு ஏறுகிறது என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். விபிஎன்னும் அப்படித்தான். எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்துக்குள் தள்ளும் அமைப்பில் இருந்தால், பக்கத்து அறைக் கணினிக்குப் போகும் ஃபைல்கூட தொலைதூர சர்வர்வரை போய்ச் சுற்றி வரலாம், அல்லது போகாமலே இருக்கலாம்.

ஒரு கணினி அல்ல, திடீரென்று எல்லாமே நின்றுவிட்டன. ஸ்விட்ச்சில் எல்லா லைட்டும் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததுபோல் அடிக்கின்றன.

லூப். சும்மா தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் நுனியை யாரோ நல்லெண்ணத்தில் இன்னொரு ஓட்டையில் செருகிவிட்டார்கள். ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சில் இருந்தால், எல்லோருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகும், சில நொடிகளில் வேறு எதற்கும் இடம் இருக்காது. இதைத் தடுக்கத்தான் 1985-ல் ரேடியா பெர்ல்மன் ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். மேனேஜ்டு (அமைப்புகளை மாற்றக்கூடிய) ஸ்விட்ச்களில் அது இருக்கும், விலை குறைந்த சாதாரண ஸ்விட்ச்களில் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் லைட்டுகள் அமைதியாகின்றனவோ அதுதான்.

லைட்டுகள் அமைதியாக இருந்தும் எல்லோருக்கும் வெளியுலகம் மட்டும் மெதுவென்றால், யாரோ பெரிய பேக்கப்பை மேகத்துக்கு ஏற்றுகிறார்கள். அப்லோடு நிரம்பியதும் ரூட்டருக்குள் வரிசை நீண்டு, 10 மில்லிசெகண்டில் வந்த பிங் 500-க்குப் போகும். பஃபர்புளோட் என்பது இதுதான். ரூட்டரில் இந்த வரிசையைச் சுருக்கி வைக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்குங்கள்.

இரண்டு ஊர் அலுவலகங்களுக்கு நடுவில் நல்ல இணைப்பு வாங்கியும் ஒரு ஃபைல் மட்டும் மெதுவாகப் போகிறது. ஏன்?

தூரம். டிசிபி பதில் வராமல் இவ்வளவுதான் அனுப்புவேன் என்று ஓர் அளவு வைத்திருக்கும், அதற்கு விண்டோ என்று பெயர். பழைய முறையில் அந்த அளவின் உச்சம் 64 கிலோபைட். போய்வர 100 மில்லிசெகண்ட் ஆனால், நொடிக்குப் பத்து முறை 64 கிலோபைட், அதாவது 0.65 மெகாபைட்தான் போகும். இணைப்பு 1 கிகாபிட்டாக இருந்தாலும் அதே 0.65-தான். 1992-லேயே விண்டோ ஸ்கேலிங் என்று இதற்கு வழி வகுத்துவிட்டார்கள், இன்றைய இயங்குதளங்கள் தாமாகவே பெரிதாக்கிக்கொள்ளும். ஆனால் பழைய ஃபயர்வாலோ, யாரோ எப்போதோ "வேகமாக்க" என்று மாற்றி வைத்த அமைப்போ அதைக் கெடுத்திருக்கலாம். ஐபெர்ஃபில் ஒரே நேரத்தில் 8 இணைப்பு ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மெதுவாகவும் எட்டில் எட்டு மடங்காகவும் வந்தால், பாதை அகலமாகத்தான் இருக்கிறது, விண்டோதான் சிறியது.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளின் பட்டியல்) ஏதோ மாற்றினால் வேகம் கூடும் என்கிறார்களே? ஜம்போ ஃபிரேம்?

பெரும்பாலும் வேண்டாம். அந்தக் குறிப்புகளில் பல, பழைய விண்டோஸ் காலத்து எச்சங்கள். ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது: 2007-ல் விஸ்டாவில் பாட்டு ஓடவிட்டால் நெட்வொர்க் காப்பி மெதுவானது உண்மைக் கதை. ஒலி விக்காமல் இருக்க, பாட்டு ஓடும்போது நொடிக்கு இத்தனை பாக்கெட்தான் என்று அது கட்டுப்பாடு போட்டிருந்தது.

ஜம்போ ஃபிரேம் 9000 பைட் பாக்கெட். வழியிலுள்ள எல்லாக் கருவியிலும் ஒரே அளவு வைத்தால்தான் வேலை செய்யும். ஒன்று விட்டுப்போனாலும் மேலே சொன்ன எம்டியூ நோய் வரும். கிகாபிட்டில் கிடைக்கும் லாபம் சில சதவீதம். அதற்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு நாஸ் காப்பி மெதுவாகிவிட்டது அல்லது திறக்கவே இல்லை.

24எச்2 பதிப்பிலிருந்து, ஹோம் தவிர மற்ற வகைகளில், எஸ்எம்பி (விண்டோஸின் ஃபைல் பகிரும் முறை) கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையொப்பம் போட்டுச் சரிபார்க்க வேண்டும், நாஸின் செயலி பழையதென்றால் திணறும். சில பழைய பெட்டிகளுக்குக் கையொப்பமே தெரியாது, அதனால் இணைப்பே மறுக்கப்படும். முதலில் நாஸின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். கையொப்பத்தை அணைப்பது கடைசி வழி. எஸ்எம்பி 1-ஐ இயக்கினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது மெதுவும்கூட, ஆபத்தும்கூட.

எல்லாம் பார்த்தாயிற்று. தெரிந்தவர் ஒருவரிடம் உதவி கேட்கப் போகிறேன். என்ன சொல்ல வேண்டும்?

"ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கணினியிலிருந்து எதற்கு, நடுவில் என்னென்ன, இரு முனையிலும் லிங்க் வேகம் எவ்வளவு, ஐபெர்ஃப் இரு திசையிலும் எவ்வளவு, ஒரே பெரிய ஃபைலில் எவ்வளவு, குட்டி ஃபைல்களில் எவ்வளவு. கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா, எந்த நாளிலிருந்து இப்படி, அதற்கு முந்தைய நாள் என்ன மாறியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்து வையுங்கள். கேபிள், ஸ்விட்ச், டிரைவர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிச் சரியாகிவிட்டால் எது கெட்டிருந்தது என்று தெரியாது. கெட்டுப்போன அந்தக் கேபிள் மேசை இழுப்பறைக்குப் போகும், அடுத்த மாதம் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள். கேபிள்தான் என்று உறுதியானால் கையோடு அதன் கனெக்டரை வெட்டிவிடுங்கள்.